ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் பிஸ்டல்

பெருமாநல்லூர்,
02.12.2024

அன்புள்ள திருமதி தமிழ்மதி அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. அரசுப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வேலம்பாளையத்தில் பனியன் துணி வெட்டும் பழைய கட்டிங் ஹால் ஒன்றைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே அறிவிப்புப் பலகையில் உங்கள் தாளைப் பார்த்தேன். "பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், போட்டிக்கு உரியது, விலை ஐம்பத்தைந்தாயிரம். கடிதம் மட்டும், போன் வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதுவே வசதி. நான் கேட்கும் கேள்விகளுக்குப் போனில் யாரும் பொறுமையாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

பிஸ்டல் எனக்குத்தான். வயது அறுபத்தொன்று. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் பயிற்சியாளர் ஜெயபாண்டி, "சும்மா ஒண்ணு சுட்டுப் பாருங்க டீச்சர்" என்றார். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறேன். மாநிலப் போட்டியில் மூத்தோர் பிரிவு இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கூடத்து பிஸ்டல்கள் அன்றைக்கு மாணவர்களுக்குப் போய்விடும். சொந்தமாக ஒன்று இருந்தால்தான் என் பெயரை அனுப்ப முடியும். பிப்ரவரி பத்து கடைசி நாள்.

என் கையில் அறுபதாயிரம் இருக்கிறது. புதிதாக, சிலிண்டரில் காற்று அடைத்து வரும் வகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. ஸ்பிரிங் வகை இருபதாயிரத்துக்குள் கிடைக்கும், ஆனால் சுடும்போது கையில் துள்ளுகிறது. ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோப்பதைப் போல. உங்களுடையது நெம்புகோலை ஒரே தடவை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை என்று ஜெயபாண்டி சொன்னார். எனக்கு அதுதான் சரி. என் கை மட்டும் சிறியது, கைப்பிடி பொருந்துமா தெரியவில்லை.

என் மகன் இளங்கோ இங்கே சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறான். "சாம்பிள் பாக்காம ஆர்டர் போட்டுறாதம்மா" என்கிறான். திருப்பூர்க்காரர்களுக்கு எதை வாங்கினாலும் அதே புத்திதான். ஆகவே ஓர் உதவி. நான்கு இலக்கு அட்டைகளில், அட்டைக்கு ஐந்து குண்டு சுட்டு அனுப்ப முடியுமா? போட்டோ வேண்டாம். துளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் தேதியும் நேரமும் குறியுங்கள். அது ஆய்வகப் பழக்கம், மன்னிக்கவும்.

தங்கள்,
இந்துமதி


உடுமலைப்பேட்டை,
11.12.2024

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். அட்டைகள் இத்துடன். கொப்பரைக் குடோனில் மணல் மூட்டை அடுக்கிச் சுட்டேன். பத்து வருடமாகத் தொடவில்லை. சுமாராகத்தான் இருக்கும். அது பிஸ்டலின் குறை இல்லை.

இரண்டு முறை மாநில அணியில் இருந்தேன். மகள் மோனிஷா பிறந்த பிறகு நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பீரோவுக்கு அடியில் கிடக்கிறது, கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு இடிக்கிறது. விற்றுவிட்டால் போதும்.

விலையில் குறைக்க வேண்டுமானால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மு. தமிழ்மதி


பெருமாநல்லூர்,
18.12.2024

அன்புள்ள தமிழ்மதிக்கு,

அட்டைகளுக்கு மிக்க நன்றி. "அவர்களுக்கு" என்பதை எடுத்துவிட்டேன், கோபம் இல்லையே? முகம் தெரியாத ஒருத்திக்காக மணல் மூட்டை அடுக்கியவரிடம் அவ்வளவு தூரத்தில் நின்று பேச முடியவில்லை.

நான்கையும் மேசையில் பரப்பி வைத்தேன். இரண்டில் குண்டுகள் சிதறியிருக்கின்றன. இரண்டில் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிடுகின்றன. கை சுமார் என்றால் நான்கும் சுமாராக அல்லவா இருக்க வேண்டும்? நேரத்தைப் பார்த்தேன். சிதறியவை காலை ஆறரை மணி. அடங்கியவை பிற்பகல் ஒரு மணி.

வகுப்பில் ஒருமுறை ஒரு தராசு காலையில் ஓர் எடையும் மாலையில் ஓர் எடையும் காட்டியது. பிள்ளைகள் பேய் என்றார்கள். முள் உட்காரும் இடத்தில் யாரோ மெழுகு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் பிஸ்டலிலும் குளிரில் இறுகி வெயிலில் இளகுகிற ஏதோ ஒன்று டிரிகருக்குள் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். காலையில் டிரிகர் கனமாக இருந்ததா? யாராவது உள்ளே எண்ணெய் விட்டார்களா?

விலையைக் குறைக்க வேண்டாம். நல்ல பொருளுக்கு நல்ல விலை.

அன்புடன்,
இந்துமதி


உடுமலைப்பேட்டை,
03.01.2025

அன்புள்ள டீச்சருக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவரிடம் கேட்டேன். இவர் என் கணவர் முருகேஷ், கொப்பரை வியாபாரம்.

"ஏனுங்க, பிஸ்டல் பெட்டிய யாராச்சும் தொறந்தீங்களா?"

"நாந்தான் தொறந்தேன். வருசா வருசம் ஆயுத பூசைக்கு எடுத்து, தொடச்சு, எண்ணெ போட்டு, பொட்டு வெச்சுட்டு உள்ள வெச்சுருவேன்."

"என்ன எண்ணெங்க?"

"நம்மூட்டு எண்ணெதான் புள்ள. செக்குல ஆட்டுனது. கலப்படமே கெடையாது."

டீச்சர், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பத்து ஆயுத பூசை. அன்றைக்கு நான் அடுக்களையில் சுண்டலோடு கிடப்பேன். குடோனில் தராசுக்கும் மோட்டாருக்கும் பக்கத்தில் இவர் இதையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். "ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?" என்று கேட்டேன். "நீயே மறந்துட்டயோன்னு நெனச்சேன். நாபகப்படுத்துனா சங்கட்டப்படுவீன்னு உட்டுட்டேன்" என்றார். பீரோவுக்கு அடியில் தள்ளியது இவர்தான் என்று பத்து வருடமாக நினைத்திருந்தேன். தள்ளியது நான்தானாம்.

ஆமாம், காலையில் டிரிகர் கனமாக இருக்கிறது. ஆறரை மணிக்குச் சுட்டதற்குக் காரணம், போட்டிக் காலத்தில் எனக்கு அதுதான் நேரம். பழக்கத்தில் எழுந்துவிட்டேன்.

போன் எண் ஏன் தரவில்லை என்றால், விலை பேசும்போது குரல் என்னவாகும் என்று எனக்கே தெரியாது. அதனால்தான்.

அன்புடன்,
தமிழ்மதி


பெருமாநல்லூர்,
09.01.2025

அன்புள்ள தமிழ்மதிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை இளங்கோவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லவேளை, ஆயுத பூசைக்கு எங்க ஓவர்லாக் மிசினுக்குத் தேங்காண்ணெ உடாம இருந்தாங்க" என்று சிரித்தான்.

தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் பாட்டிலில் உறைந்து நிற்பது உங்கள் வீட்டில் தெரியாததா? டிரிகருக்குள்ளும் அதேதான் நடந்திருக்கிறது. வெயில் ஏறினால் இளகிவிடுகிறது. பிஸ்டலிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. உங்கள் கணவரைத் திட்ட வேண்டாம். எண்ணெய்தான் தவறு, துடைத்து வைத்தது தவறில்லை. அதனால்தான் ஒரு புள்ளி துருகூட இல்லாமல் இருக்கிறது.

நீங்களாகப் பிரிக்காதீர்கள். கோவையில் இதைச் சரிசெய்கிற ஒருவரின் முகவரியை ஜெயபாண்டி தந்திருக்கிறார், இத்துடன் இணைத்திருக்கிறேன். செலவு என்னுடையது.

சுத்தம் செய்த பிறகு கடைசியாகப் பத்து குண்டு மட்டும் சுட்டு அனுப்புங்கள். எங்கள் ஊர்க் கணக்கில் அதுதான் கடைசி சாம்பிள். அது சரியாக வந்தால் பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, பணத்தோடு வந்து வாங்கிக்கொள்கிறேன். மறுநாள் பெயர் கொடுத்துவிடலாம்.

இத்தனை வருடத்தில் எனக்காக என்று நான் எதையும் தேர்ந்தெடுத்து வாங்கியதில்லை. புடவைகூடக் கடைக்காரர் எடுத்துப் போட்டதுதான். ஆகவே கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது.

அன்புடன்,
இந்துமதி


உடுமலைப்பேட்டை,
30.01.2025

அன்புள்ள டீச்சருக்கு,

பிஸ்டலை இவரே கொப்பரை லாரியில் ஏறிக் கோவைக்கு எடுத்துப் போய்ச் சுத்தம் செய்து வந்தார். அங்கே அந்த மனிதர் உள்ளே பார்த்துவிட்டு, "இதுல தாளிக்கலாம் போலிருக்கே" என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். செலவு அறுநூறு ரூபாய். உங்களிடம் வாங்க மாட்டாராம். "எண்ணெ ஊத்துனவன் நானு" என்கிறார்.

இப்போது டிரிகர் காலையிலும் மதியத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. அட்டைகளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நீங்கள் பத்து குண்டு கேட்டீர்கள். சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளக் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டேன். எல்லா அட்டைகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கைப்பிடியின் உயரத்தை மாற்றும் திருகு எது, அதற்குரிய சாவி எது என்று தனித் தாளில் வரைந்திருக்கிறேன். உங்கள் கை சிறியது என்று எழுதியதால், வலப்பக்கம் மரத்தை எங்கே கொஞ்சம் இழைக்கலாம் என்றும் குறித்திருக்கிறேன். அவசரப்பட்டு இழைத்துவிடாதீர்கள். இழைத்த மரம் திரும்பி வளராது.

மோனிஷா நேற்றுக் குடோனுக்கு வந்து நின்று பார்த்தாள். "அம்மா, இது உங்களுதா?" என்று கேட்டாள். "ஒரு டீச்சருது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இங்கேதான். பிஸ்டல் உங்களுக்கென்று வாக்குக் கொடுத்துவிட்டேன், மாற மாட்டேன். பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள்,
தமிழ்மதி


பெருமாநல்லூர்,
04.02.2025

அன்புள்ள தமிழ்மதி கண்ணு,

அட்டைகள் வந்தன. எண்ணினேன், முப்பத்தாறு. ஜனவரி பதினெட்டிலிருந்து இருபத்தொன்பது வரை, ஒரு நாள் விடாமல். ஒவ்வொரு நாளும் முதல் அட்டை காலை ஆறரை.

வகுப்பில் ஐந்து கணக்கு கொடுத்தால் மூன்று போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. ஐந்தும் போடும் பிள்ளைகள் உண்டு. எப்போதோ ஒருத்தி, புத்தகத்தில் இருக்கிற அத்தனை கணக்கையும் போட்டுவிட்டு, "சரியா இருக்கான்னு பாக்கத்தான் டீச்சர்" என்று நோட்டை நீட்டுவாள். அவளிடம் நான் புத்தகத்தை வாங்கி வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

முதல் நாள் அட்டையில் ஐந்து குண்டில் இரண்டுதான் நடுவில், பத்துப் புள்ளி வட்டத்தில். கடைசி நாள் அட்டையில் ஐந்தும் பத்துக்குள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, துளை ஒன்றா இரண்டா என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஜெயபாண்டியிடம் காட்டினேன். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இவங்க எதுக்கு டீச்சர் விக்கறாங்க?" என்றார். உங்களுக்குத் தெரியுமா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் பணத்தோடு வரவில்லை. வாக்கு மாறுகிறவள் நான்தான், நீங்கள் இல்லை. பழி என் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நேற்றுக் கோவைக்குப் போய் அந்த ஸ்பிரிங் வகையையே வாங்கிவிட்டேன். பதினெட்டாயிரம். துள்ளத்தான் செய்கிறது. ஜெயபாண்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார். மூத்தோர் பிரிவில் பெண்கள் ஆறு பேர். ஆறாவதாக வந்தாலும் மாநில அளவில் ஆறாவது. உண்மையைச் சொல்வதென்றால், உங்கள் பிஸ்டலோடு மூன்றாவதாக வரும் ஆசை எனக்கு இருந்தது. மறைப்பானேன். இரண்டு நாள் அது உறுத்தியது. பிறகு உங்கள் அட்டைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன், சரியாகிவிட்டது.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. எதற்கென்று நான் சொல்ல வேண்டாம். நிரப்பத் தோன்றினால் பத்தாம் தேதிக்குள் ஜெயபாண்டிக்குச் சேர வேண்டும். தோன்றாவிட்டால் கிழித்துப் போடுங்கள், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வரலாமா?

நன்றியுடன்,
இந்துமதி


உடுமலைப்பேட்டை,
07.02.2025

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். யாரைக் கேட்டு இப்படிச் செய்தீர்கள் என்று எழுதவும் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை.

இவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "டீச்சரு வாக்கு மாறுனா மாறட்டும், நாம என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பெயர், வயது, முன்பு எடுத்த அதிகபட்சப் புள்ளி எல்லாம் நிரப்பினேன். கடைசியில் "பயன்படுத்தும் பிஸ்டல்: சொந்தம் / பிறருடையது" என்று ஓர் இடம் இருந்தது. அங்கே வந்ததும் எழுதாமல் நின்றுவிட்டேன். இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மோனிஷாதான் எட்டிப் பார்த்து, "டீச்சருதுன்னு எழுதப்போறீங்களா?" என்று கேட்டாள்.

சொந்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், டீச்சர். படிவத்தை நாளை இவர் நேரில் வேலம்பாளையத்தில் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது உங்கள் ஸ்பிரிங் பிஸ்டலையும் எடுத்து வாருங்கள். அது துள்ளும்போது மணிக்கட்டைப் பூட்டாமல் கூடவே விட்டுப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எழுதினால் புரியாது. குடோனில் நின்று காட்டுகிறேன்.

உங்கள்,
தமிழ்மதி