போத்தல் இல்லாத குளிசைகள்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
நவம்பர் 12, புதன்கிழமை

அன்புள்ள தங்கச்சி மக்டலீனுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் மிஷன் கிளினிக்கையும் கைவிடக் கூடாது என்ற மன்றாட்டோடு தொடங்குகிறேன். சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை தொடக்கம் உன் தொலைபேசி எடுபடவில்லை. ஆகவே மின்னஞ்சலில் எழுதுகிறேன். குன்றில் ஏறி சிக்னல் பிடித்ததும் முதலில் இதை வாசி.

நீ மின்னஞ்சலில் அனுப்பிய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று மாதமாக அரசாங்க மருந்து வரவில்லை, தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி பழுது, மழைக்குப் பாதை அறுந்துவிட்டது. இவ்வளவுக்கும் நடுவில் நீ அடுத்த ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாய். அந்த நாட்டுக்காரரான உன் உதவியாளர் பேனாட் தனியே நின்று, பிரஷர் கூடி வந்த பெண்ணுக்கு சீனி வருத்தக் குளிசையைக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் விழுங்கியவள், நாலாம் நாள் வயலில் விழுந்தாள். இப்போது அவள் மாவட்ட ஆஸ்பத்திரியில், பேனாட் பொலிஸ் நிலையத்தில். கிளினிக்குக்குப் பூட்டு.

எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "அக்கா, நீங்கள் வாய் திறக்காதேங்கோ. நான் நகரத்துக் கடையிலை வாங்கினது எண்டு சொல்லிப்போட்டன்" என்று முடித்திருந்தாய்.

அந்தக் குளிசைகள் எங்கிருந்து வந்தவை என்று உனக்குத் தெரியும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவர் இறந்தால், மிஞ்சிய மருந்தை அழிப்பதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் அனுப்பவில்லை. நல்ல மருந்து குப்பைக்குப் போகிறதே, அங்கே என் தங்கச்சி வெறும் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று ஒரு வருடமாக எடுத்தேன். ஓகஸ்டில் நீ வந்து திரும்பும்போது சூட்கேஸ் இருபத்தாறு கிலோ காட்டியது. விமானத்தில் விடுவது இருபத்துமூன்றுதான். பெட்டி, போத்தல் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு குளிசைகளைப் பைகளில் கொட்டினேன். "சீனிக்கு", "பிரஷருக்கு" என்று தமிழில் எழுதி ஒட்டினேன். மிச்சப்பட்ட பாரத்துக்கு மிளகாய்த்தூள் வைத்தேன். நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதானே என்று நினைத்தேன். பேனாட்டுக்குத் தமிழ் தெரியாது என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

நீயும் அவற்றை மாற்றி எழுதாமல் வைத்திருந்தாய். எங்கட எழுத்து அலுமாரியில் இருந்தால் தனிமை தெரியாது என்றாய். வாயால் சொன்னால் பேனாட் நினைவில் வைத்திருப்பார் என்று நம்பினாய். உன்னில் கோபம் வந்தது, ஒளிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு எனக்கு அருகதை இல்லை.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் நீ சொன்ன குளிசை அல்ல அந்தப் பெண் விழுங்கியது. சீனியை ஒரேயடியாக இறக்கும் வேறொன்று, இரண்டு நாளானாலும் உடம்பை விட்டுப் போகாது. நீ ஊகித்துச் சொல்லியிருக்கிறாய், ஏனென்றால் பையில் நான் பெயர் எழுதவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகாமல் யதுர்ஷாவை ஆங்கிலத்தில் கதைக்க வைத்து, மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பெயரும் அளவும் சொன்னோம். தொலைபேசியை வைத்துவிட்டு என் மகள், "அம்மா, இது களவெல்லே" என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

திங்கள் மாலை அந்தப் பெண் கண் திறந்து பிள்ளைகளைக் கேட்டாளாம். உனக்கு இது தெரியுமோ தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

அதே நாள் வேலையில் எங்கள் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு வசனமாக எழுதினாள். இனி வேலைக்கு வரவேண்டாம், பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும் என்றாள். குரல் உயர்த்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஜோர்ஜ் அத்தான் என்னோடு கதைப்பதில்லை. நேற்று பஸ் ஓட்டப் போகுமுன், "ஒருத்தரும் கேக்காத கேள்விக்கு நீ ஏன் பதில் சொன்னனீ" என்று மட்டும் கேட்டார்.

கேட்கிறார்கள், அத்தானுக்குத்தான் அது கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரி, கடையில் வாங்கினேன் என்று நீ சொன்ன வாக்குமூலத்தோடு வருவார். அந்தப் பொய்க்கு நீ கையெழுத்து வைத்தால் உன் தாதி உரிமம் போய்விடும். கடையில் வாங்கிய மருந்தையே மாற்றிக் கொடுத்தவர் என்று பேனாட்டின் தலையில் முழுப் பழியும் விழும். பிள்ளை பெற வருகிறவர்கள் நாற்பது கிலோமீற்றர் நடக்க வேண்டிவரும். உண்மையைச் சொன்னாலும் கிளினிக் திறக்குமோ தெரியாது. ஆனாலும் கையெழுத்து வைக்காதே. சின்ன வயதில் இருந்து எனக்காகப் பொய் சொன்னது போதும், பிள்ளை.

என் வாக்குமூலம் ஆங்கிலத்தில் இத்துடன் இருக்கிறது. ஒவ்வொரு குளிசையின் பெயரும் அளவும் அதில் உண்டு. பேனாட்டின் மனைவியிடம் நீயே போய் என் பெயரைச் சொல். அவள் என்னைத் திட்டினால் தடுக்காதே.

மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும். உனக்கு எழுதும்போது அக்கா என்று மட்டும்தான் போடுவேன். இந்த முறை முழுப் பெயரையும் போடுகிறேன், அதிகாரி கேட்டால் இதையும் காட்டு.

இப்படிக்கு,
ஜசிந்தா மரியநாயகி ஜோர்ஜ்
குளிசைகளை எடுத்தவளும் பைகளில் கட்டியவளும்