சீமைப் பெட்டியின் மாடல்

முருகன் துணை

ராணிப்பேட்டை,
4-6-1978

அன்பு மிகுந்த சம்பந்தி தணிகாசலம் அவர்களுக்கு,

சடையப்பன் வணக்கம். உங்கள் பெண் பாஞ்சாலையும் என் மகன் ஜெயவேலும் சௌக்கியம். பேரனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது. முதல் வேலையாக என் விரலைக் கடித்துப் பார்த்தான். சம்பந்தியம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை எனக்கும் என் வீட்டுக்காரி செல்லம்மாளுக்கும் கடிக்க முடியவில்லை. பேரனுக்கு மீதிப் பல்லும் முளைக்கட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஒரு உதவி தேவைப்படுகிறது. கல்யாணத்தில் நீங்கள் மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்தீர்களே, பச்சை வர்ணம் அடித்த இரும்பு டூல்ஸ் பெட்டி, அதில் ஒரு கொண்டி ஒடிந்துவிட்டது. ஒரே சாவியைத் திருகினால் மூன்று இழுப்பறையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் அல்லவா? அதில் மூன்றாவது இழுப்பறையைப் பிடிக்கிற கொண்டி. நான் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அப்படி ஒரு பூட்டு எங்கும் பார்த்ததில்லை. ஜெயவேலின் ஃபேக்டரியில் அதற்குச் சீமைப் பெட்டி என்றே பெயர். புதிதாக யார் வந்தாலும் கூட்டிப்போய் அதைக் காட்டுகிறார்களாம்.

கம்பெனி பெயரும் மாடல் நம்பரும் தெரிந்தால் புதுக் கொண்டிக்கு எழுதிப் போடலாம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், எழுத்து எதுவும் இல்லை. மூடியின் முன்பக்கம் இரண்டு சிறு துளைகள் மட்டும் இருக்கின்றன. கம்பெனித் தகடு கல்யாணக் கூட்டத்தில் கழன்று விழுந்திருக்கும் போலிருக்கிறது.

இன்னொரு விஷயம். ஜெயவேலின் ஃபேக்டரியில் ஃபோர்மேன் சிவப்பிரகாசம் என்று ஒருவர். புதுப் பிரிவு ஆரம்பிக்கிறார்களாம். இதே போலப் பன்னிரண்டு பெட்டி வாங்க வேண்டும், எந்தக் கம்பெனி என்று கேட்டு ஜெயவேலைத் துளைக்கிறார். உடனே பதில் போடவும்.

உங்கள் அன்பை மறவாத,
சடையப்பன்


உ

ஆரணி,
11-6-1978

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தணிகாசலம் எழுதுவது. கடிதம் கிடைத்தது. பேரனின் பல் செய்தியைக் காசியம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். முறுக்கு செய்தியை நான் அவளிடம் சொல்லவில்லை.

பெட்டி விஷயம். அது பெங்களூரில் ஒரு கடையில் வாங்கியது. இங்கிலாந்துக் கம்பெனி. பெயர் மறந்துவிட்டது. மாடல் நம்பரெல்லாம் நான் பார்க்கவில்லை. நான் தகரம் தட்டி டிரங்குப் பெட்டி செய்கிறவன். பட்டு வியாபாரிகள் சேலை அடுக்கி அனுப்ப என்னிடம் வாங்குவார்கள். அதைப் போய் ஃபிட்டர் மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுக்க முடியுமா? என் பெண் உங்கள் வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றுதான் சீமைப் பெட்டியாகத் தேடி வாங்கினேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கொண்டி தானாக ஒடியவே ஒடியாது. யாரோ சுத்தியலால் தட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் விசாரியுங்கள். இழுப்பறைக்கு எண்ணெய் போடுகிறாரா? திறக்கும்போது சத்தம் வருகிறதா? வந்தால் அது பெட்டியின் குற்றம் இல்லை.

ஒடிந்த துண்டை ஆரணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புங்கள். தெரிந்தவர்கள் மூலம் வரவழைக்கிறேன். ஃபோர்மேனுக்கு வேறு ஏதாவது கம்பெனியைச் சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
தணிகாசலம்


முருகன் துணை

ராணிப்பேட்டை,
25-6-1978

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது உண்மை. ஜெயவேல் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போன நாளில், உடன் வேலை செய்கிறவன் ஒருவன் சுத்தியலால் தட்டித் திறக்கப் பார்த்திருக்கிறான். ஆரணியில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஜெயவேல் உங்களுக்குப் பயந்து இரண்டு நாளாக எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்கிறான். சட்டையெல்லாம் எண்ணெய். துவைக்கிறவள் உங்கள் பெண்தான்.

துண்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. போன வாரம் மெட்ராஸ் போன இடத்தில் பிராட்வேயில் டூல்ஸ் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெட்டியை நான் அளந்து போட்ட படம் கையில் இருந்தது. ஒரு பெரிய கடையில் முதலாளியே கேட்லாக் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். இங்கிலீஷ், ஜெர்மன், ஜப்பான், எதிலும் இல்லை. "இன்னாங்க இது, பூட்டு எடது பக்கம் போட்டிருக்கான்? எந்தக் கம்பெனிக்காரனும் அப்படிப் போட மாட்டானே" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பூட்டு இடது பக்கம், கைப்பிடி இடது பக்கம் தள்ளி, ஸ்பேனர் மாட்டுகிற வரிசையும் இடமிருந்து ஆரம்பம். நம் ஜெயவேலுக்கு இடது கைப் பழக்கம். எதேச்சையாக எப்படிப் பொருந்தியிருக்கிறது பாருங்கள்.

சிவப்பிரகாசம் விடுவதாக இல்லை. வேறு கம்பெனி வேண்டாம், இதேதான் வேண்டும் என்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

அன்புடன்,
சடையப்பன்


உ

ஆரணி,
5-7-1978

சம்பந்தி அவர்களுக்கு,

தணிகாசலம் வணக்கம். இந்த வயசில் வெயிலில் பிராட்வே எல்லாம் எதற்கு அலைகிறீர்கள்? மெட்ராஸ் கடைக்காரனுக்கு விற்கத் தெரியும், பெட்டியைப் பற்றி என்ன தெரியும்?

கொண்டி கிடைத்துவிட்டது. இத்துடன் பொட்டலத்தில் இருக்கிறது. அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்களாம். பழைய சரக்கில் இது ஒன்றுதான் இருந்தது என்று அனுப்பினார்கள். ஆகையால் ஃபோர்மேனிடம் கம்பெனியே இல்லை என்று சொல்லிவிடுங்கள், பேச்சு முடிந்தது.

மாட்டும்போது கவனம். மூன்றாவது இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்துவிட்டு இடது ஆணியை முதலில் கழற்ற வேண்டும். வலது ஆணியைத் தொட்டால் கம்பி உள்ளே விழுந்துவிடும், பிறகு அடித்தட்டையே பிரிக்க வேண்டி வரும். கொண்டியின் வளைந்த பக்கம் மேலே. சுத்தியலைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது.

பாஞ்சாலையைக் கேட்டதாகச் சொல்லவும்.

பணிவுடன்,
தணிகாசலம்


முருகன் துணை

ராணிப்பேட்டை,
16-7-1978

என் அருமைச் சம்பந்தி அவர்களுக்கு,

கார்டில் எழுதினால் தபால்காரர் படித்துவிடுவார் என்று இதைக் கவரில் வைத்து ஒட்டியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

கொண்டி அப்படியே பொருந்திவிட்டது. நானேதான் மாட்டினேன். நீங்கள் சொன்னபடி இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அடிப்பக்கத்தில் பச்சை வர்ணத்துக்குக் கீழே ஏதோ கீறல் தெரிந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன். பிள்ளையார் சுழி. ஆணி முனையால் கீறி, அடியில் இரண்டு கோடு.

சம்பந்தி, நான் கேட்கிறேன், எந்த ஊர் வெள்ளைக்காரன் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு இரும்பை வெட்டுகிறான்? உங்கள் கடிதத்தின் தலையில் இருக்கிற சுழியும் அதுவும் ஒரே வால். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. சீமைப் பெட்டி என்று ஊரை நம்ப வைத்தீர்கள், பிள்ளையாரை மட்டும் விட முடியவில்லையே!

பாஞ்சாலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். "அப்பா செய்யறப்ப நான்தான் மாமா ரிவெட்டுக்கு எதிர்ப்பக்கம் இரும்பு புடிச்சிகினு நின்னேன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உங்க புள்ள பொண்ணு பாக்க வந்தப்ப காபி டம்ளர எடது கையால வாங்குனாரு இல்ல? அம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சி. அப்பா மட்டும் அந்தக் கையையே பாத்துகினு இருந்தாரு. மறுநாளே தகடு வாங்கப் போயிட்டாரு" என்றாள்.

என் மகன் இடது கைக்காரன் என்பதற்காக அவனைப் பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள், வீட்டிலும் அடக்கிப் பார்த்தோம். அந்தக் கைக்கு ஏற்ற பெட்டி செய்ய வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் நீங்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கள் பக்கத்தில் யாரோ, "பெட்டிக்காரன் வூட்டு சம்மந்தம், தகரப் பெட்டிதான் சீர் வரும்" என்று சொன்னது உங்கள் காதில் விழுந்ததாம். அதையும் இப்போதுதான் சொன்னாள். சொன்னவன் எவனாக இருந்தாலும் அவன் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் சும்மா இருப்பேனா? சிவப்பிரகாசத்திடம் கம்பெனி இருக்கிறது, ஆரணியில் இருக்கிறது, என் சம்பந்திதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை உங்கள் கடைக்கு வருகிறார். ஆர்டரில் எழுத மாடல் பெயர் வேண்டுமாம். என்ன சொல்கிறீர்கள்?

பெருமையுடன்,
உங்கள் சடையப்பன்


முருகன் துணை

ராணிப்பேட்டை,
20-8-1978

சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, பதில் இல்லை. சிவப்பிரகாசம் வந்தபோது கடை சாத்தியிருந்ததாம். நீங்கள் படவேட்டுக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சம்பந்தியம்மா சொன்னாராம். கோயிலுக்குப் போனவர் இத்தனை நாளில் திரும்பியிருப்பீர்களே.

பெண்ணைக் கொடுத்தவரை நான் அவமானப்படுத்திவிட்டேனா? மறைத்து வைத்ததைக் கிளறியது தப்பு என்றால் என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். பாஞ்சாலை தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறாள். முதலில் சொன்னது அவள் இல்லை, கண்டுபிடித்தது நான். கோபம் என் மேல் இருக்கட்டும், குழந்தை மேல் வேண்டாம்.

சிவப்பிரகாசம் இன்னொரு முறை வருவார். அவரிடமாவது பேசுங்கள்.

காத்திருக்கும்,
சடையப்பன்


உ

ஆரணி,
17-9-1978

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தணிகாசலம் எழுதுவது. படவேட்டுக்கு நான் போகவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று தோன்றியது. கடையைச் சாத்திக்கொண்டு உள்ளேயே வேலை செய்தேன். தட்டுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது, நான் ஊரில் இல்லை என்று காசியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் உங்கள் ஃபோர்மேன் மறுபடியும் வந்தார். நான் தகட்டுக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் போகவில்லை. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, காசியம்மாளிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். "பெட்டி நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா அந்தக் கொண்டிதான் சரியில்ல. லேசா தொட்டதுக்கே ஒடிஞ்சிட்டுது. சொத்தை வேலை" என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். "இன்னா சார் பேசறீங்க? சுத்தியலால அடிச்சா எந்தக் கொண்டி சார் தாங்கும்? அது நாலு வருஷம் உழைச்ச கொண்டி!" என்று கத்தினேன். அவர் எழுந்து கை கொடுத்தார். "அப்போ செஞ்சது நீங்கதான்" என்று சிரித்தார். தெருவே கூடி நின்று பார்த்தது. அவருக்கு இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், சம்பந்தி. என்னை இத்தனை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறவர் ராணிப்பேட்டையில் ஒருவர்தான் இருக்கிறார்.

பன்னிரண்டு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வேலை தொடங்கிவிட்டேன். அதில் எல்லாம் பூட்டு வலது பக்கம்தான். இடது பக்கம் பூட்டு வைத்த பெட்டி உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும், அது என் மாப்பிள்ளையுடையது.

மூடியில் இருக்கிற துளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதில் எந்தத் தகடும் கூட்டத்தில் கழன்று விழவில்லை. என் பெயர் வெட்டிய பித்தளைத் தகட்டை அதில் முடுக்கித்தான் பெட்டியைக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் நாள் சாயங்காலம் அந்தத் தகரப் பெட்டிப் பேச்சு காதில் விழுந்தது. பந்தலுக்குப் பின்னால் போய் நானே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் உங்கள் வீட்டார் ஒருவர் "சீமைப் பெட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தத் தகட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். கூட இரண்டு திருகாணியும் இருக்கிறது. நீங்கள் மாடல் பெயர் கேட்டீர்கள். என் பெயருக்குக் கீழே இடம் இருந்தது, அங்கே புதிதாக வெட்டியிருக்கிறேன். மாடல் பாஞ்சாலை. பன்னிரண்டு பெட்டிக்கும் அதே தகடுதான் ஏறப்போகிறது. இனி ராணிப்பேட்டையில் எவன் ஸ்பேனர் எடுத்தாலும் என் பெண் பெயரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவளிடம் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் இரும்பு பிடித்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

திருகாணியை மாப்பிள்ளையே இடது கையால் முடுக்கட்டும். ஆயுத பூஜை வருகிறது. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் தாராளமாக வையுங்கள். தகட்டின் மேல் மட்டும் வேண்டாம். பெயர் மறைந்துவிடும்.

இப்படிக்கு,
பெட்டிக்காரன் தணிகாசலம்,
ஆரணி