பிள்ளை தூங்கவில்லை, அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். இன்றோடு பத்தொன்பது நாள். இப்போது என் நெஞ்சில்தான் கிடக்கிறாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் ஒரே நாளில் பறிகொடுத்த பிறகு நான் யாரையும் நம்பவில்லை. உன் மாமியார் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். உனக்கு லீவு தராத பட்டாசுக் கம்பெனி போர்மேன், அங்கே நீ சுவாசித்த வெடிமருந்துத் தூசி, ஊசி போட்ட நர்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். உனக்கு வலிப்பு எதனால் வந்தது என்று யாராவது ஒழுங்காகச் சொன்னார்களா?

அன்றைக்கு எனக்கு எட்டாம் மாதம். தீபாவளி ஆர்டருக்காக நாரணாபுரத்துக் கம்பெனியில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து வயிற்றில் ஓர் உதைகூட இல்லை. பயந்துபோய்ப் பாதி வேலையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் அங்கே வந்துவிட்டார்.

பிரஷர் ஏறியிருந்தது. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பிறகு, "இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிப் பிள்ளைய எடுத்துரணும்" என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லீவில் ஊருக்குப் போக அவசரப்படுகிறாரோ? ஸ்கேன் தாளில் இருப்பது என் பெயர்தானா? லேபிள் மாறிப்போவதை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். என் வீட்டுக்காரரும் காதோரம், "எடுத்ததுக்கெல்லாம் கத்தியத் தூக்குறாக. மதுரையில காட்டுவமா?" என்றார்.

"என் கண்ணு முன்னால இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றேன். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தொப்புள்கொடி வழியா வர்ற ரத்தம் குறைஞ்சு போச்சும்மா. பிள்ளைக்கு ஆக்சிஜன் பத்தல. அதனால கை கால், குடல், கிட்னிக்குப் போற ரத்தத்தக் குறைச்சுக்கிட்டு, மூளைக்கும் இதயத்துக்கும் கூடுதலா விடுது."

"தூங்கத்தான செய்யுது? அதான அசையல?"

"தூங்கல. அசையறதுக்கும் ஆக்சிஜன் வேணும். இருக்கறத வச்சு உயிரப் பிடிச்சுக்கிட்டிருக்கு. எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்கே தெரியாது. பிரஷர் இன்னும் ஏறினா உனக்கும் வலிப்பு வந்துரும்."

அக்கா, நீ போவதற்கு முந்தின நாள் என்னிடம் என்ன சொன்னாய்? "ஏட்டி மாரி, நேத்துலருந்து பிள்ள அசையலட்டி." நான்தான், "தூங்கும்க்கா, நீயும் செத்த நேரம் படு" என்றேன். நீ என் பேச்சைக் கேட்டுப் படுத்துக்கொண்டாய். ஆறு வருஷமாக ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேனே, அந்த வார்த்தையை ஒருநாளாவது நினைத்துப் பார்த்தேனா?

ஆபரேஷனுக்குச் சம்மதக் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் பிறந்தாள். ஒன்றரைக் கிலோ. தலை மட்டும் பெரிதாக, கை கால் குச்சியாக இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த என் மாமியார், "என்னத்தா, தலையத் தவிர ஒண்ணுமே இல்ல!" என்று அழுதார். நான் அழவில்லை. எதைக் கொடுத்து எதைக் காத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியுமே.

வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். முதல்நாளே கூட்டிவந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று. "நான் பாக்காத ஆளப் பத்தி எப்படிம்மா சொல்ல?" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்துதான் மறைத்தாரோ?

நீ என்னிடம் சொன்னதும் நான் உன்னைப் படுக்கச் சொன்னதும் அத்தானுக்கு இன்னும் தெரியாது. அவரும் உன் மாமியாரும் ஆறு வருஷமாக ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகப் போகிறேன். இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன், அக்கா. வெளியே போ என்றாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வருவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மாரி