கண் பார்க்கும் அளவில் ஒரு கேமரா

புதன்கிழமை

மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது வழக்கம். இருபத்து மூன்று நாளாகக் கேட்டுக்கேட்டு என் ஃபோன்தான் சூடேறியது, நீ எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய். "அப்பா இங்க வர வேணாம்னு சொல்லும்மா" என்றாயாம். சரி, வரவில்லை. தபால்காரர் வருவதை உன்னால் தடுக்க முடியாதே.

விசாரணை அடுத்த புதன்கிழமை. பஸ் வளைவில் திரும்பாமல் பள்ளத்தில் இறங்கியது உன் கவனக்குறைவால்தான் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதே. வளைவுப் பலகை தெரியவில்லை என்று நீ சொன்னது ஒரே வரி. அந்த வரிக்கு நான் சாட்சி கொண்டுவருகிறேன்.

உங்கள் டிரைவர் சங்கத்துக்காரர் விபத்து அறிக்கையின் நகலை அனுப்பினார். "மாலை ஆறரை மணி அளவில்" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆறரைக்கு அந்த மலைப்பாதையில் என்ன வெளிச்சம் இருக்கும்? ஆனால் கூடவே வைத்திருக்கும் படத்தில் பலகை கதவு மாதிரி நிற்கிறது. தூரத்தில் நின்று லென்ஸால் கிட்டே இழுத்து எடுத்த படம் அது. படம் பொய் சொல்லாது என்பார்கள். எடுப்பவன் சொல்லிக் கொடுத்தால் நன்றாகவே சொல்லும்.

அதனால் கேமரா வாங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று உன் மாமா சிரித்தார். தண்ணீர் மோட்டாரை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கேமராவையும் பதினொரு நாள் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பெண் "டூருக்கா தாத்தா?" என்றாள். ஆமாம், பஸ்ஸில் போய்ப் படமும் வீடியோவும் எடுக்க வேண்டும் என்றேன். தீப்பெட்டி அளவில் ஒன்றைக் காட்டி, "இதுல மலை, ரோடு, பேரப்பிள்ளைங்க எல்லாம் ஒரே படத்துல அடங்கும்" என்றாள். அதில் பார்த்தால் எதிர்க்கடை அடுத்த தெருவுக்குத் தள்ளி ஓடிப்போய் நின்றது. அந்தக் கேமராவில் பலகை கொசுவளவுதான் தெரியும். நமக்குச் சாதகம்தான். ஆனால் அவர்கள் செய்த பித்தலாட்டத்தையே நான் திருப்பிச் செய்தால், எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? வேண்டாம் என்றேன். அடுத்து, குழாய் மாதிரி நீளமான ஒன்று. "நிலாவுல இருக்கிற பள்ளம்கூடத் தெரியும் தாத்தா." நிலாவுக்கு பஸ் போகவில்லை என்றேன்.

மூன்றாவது கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை இருந்தது. ஒரு கண்ணை அதில் வைத்தேன்; மறு கண்ணை மூடவில்லை. இரண்டு கண்ணிலும் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை ஒரே அளவாகத் தெரியும்வரை லென்ஸ் வளையத்தைத் திருகி, அந்த இடத்தில் பேனாவால் கோடு கிழித்தேன். "ஐயோ தாத்தா, இன்னும் பில்லே போடலை!" என்று கத்தினாள். கோடு போட்டாயிற்று, இனி வேறு யார் வாங்குவார்கள் என்றேன். பஸ் குலுங்கினாலும் படம் குலுங்கக் கூடாதென்று கேமராவோடு கடைக்குள்ளேயே குதித்துப் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் இருட்டிலும் எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"கேமராவத் தூக்கிக்கிட்டு ரோட்டப் பாக்கப் போறீங்களே, அவன் முகத்தப் போய்ப் பாருங்களேன்" என்கிறாள் உன் அம்மா. வர வேண்டாம் என்று சொன்னது யார்?

நாளை முதல் மூன்று நாள், நீ ஓட்டிய அதே மாலை நேரத்து பஸ்ஸில் முன் இருக்கையில் போகிறேன். நான் எழுதும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. இது அப்பாவின் கட்டளை.

அப்பா


ஞாயிற்றுக்கிழமை

மகனுக்கு,

தபாலில் போட்டால் புதனுக்குள் வராது. அதனால் இந்தக் கடிதத்தை உன் பஸ்ஸை இப்போது ஓட்டுகிறவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நல்ல மனிதர். "உங்க பையன் கையில வண்டி பூ மாதிரி போகும் பெரியவரே" என்றார்.

மூன்று மாலையும் எடுத்தேன். பலகை தெரிகிறது.

கோடு போட்ட இடத்தில் வளையத்தை வைத்து எடுத்த வீடியோவில், வளைவுக்குப் பதினொரு விநாடி முன்பே மஞ்சளாகத் தெரிகிறது. என் கண்ணுக்கும் தெரிந்தது. மூன்றாம் நாள் வளையத்தைக் கடைசிவரை திருகி எடுத்தேன். பலகை சுருங்கிப் புள்ளியாகிவிட்டது. அதை மட்டும் கொண்டுபோனால் யாருக்கும் தெரியாது. விடுதி அறையில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் படத்தின் ஓரத்தில் இருந்த நேரத்தைக் கவனித்தேன். பஸ் வளைவுக்கு வந்தது ஆறு பன்னிரண்டு. முந்தின இரண்டு நாளும் அதேதான். இன்று டிரைவரிடம் கேட்டேன். "அந்த வளைவு எப்பவும் ஆறு பத்து, பன்னெண்டுதான். ஆறரைங்கிறது போலீஸ் வந்த நேரம்" என்றார்.

என் ஃபோனை எடுத்து அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். நீ எடுக்காத அழைப்புகள் சிவப்புச் சிவப்பாக வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, நீ கடைசியாக எடுத்த அழைப்பு. விபத்து நடந்த அதே தேதி. ஆறு எட்டுக்கு ஆரம்பம். நான்கு நிமிடம்.

என்னைக் கேட்காமல் நம் வீட்டில் புது மோட்டார் மாட்டியதற்காகத் திட்டினேன். "வண்டியில இருக்கேம்ப்பா, அப்புறம் பேசுறேன்" என்று இரண்டு முறை சொன்னாய். "அப்பன் பேசும்போது வைக்காதே" என்றேன். நீ வைக்கவில்லை. பிறகு சத்தம் நின்றது. பாதியில் துண்டித்துவிட்டாய் என்று அன்றிரவு தகவல் வரும்வரை உன் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தேன். விபத்து ஆறரைக்கு என்று அறிக்கை சொன்னதும் நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நீ இதை யாரிடமும் சொல்லவில்லை. சங்கத்துக்காரரிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லையா, என் குரலே உனக்கு வெறுத்துவிட்டதா? தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அன்று உன்னோடு வந்த கண்டக்டரைப் போய்ப் பார்த்தேன். காலில் இன்னும் கட்டு இருக்கிறது. காயம்பட்ட ஏழு பேரில் ஒரு டீச்சர் இன்னும் ஊன்றுகோலில்தான் நடக்கிறாராம். அவர்கள் முன்னால் போய்ப் பலகை தெரியவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. சுருங்கின வீடியோவை அழித்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் உன் லைசென்ஸ் போகலாம். போனால் போகட்டும் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நீ என்ன சொல்ல வேண்டும் என்று இந்த முறை நான் சொல்லப்போவதில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். என் ஃபோனை மேசைமேல் வைத்து, அவன் வைக்கிறேன் என்றான், நான் வைக்க விடவில்லை என்பேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். யார் தடுத்தாலும் சொல்வேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மா உன் நீலச் சட்டையைத் தேய்த்து என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்; இந்தக் கடிதத்தோடு வருகிறது. விசாரணைக்கு அதைப் போட்டுக்கொள்வாயாம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை நடக்கும் அலுவலக வராந்தா பெஞ்சில் இருப்பேன். நீ என்னோடு பேச வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார், போதும்.

அப்பா