நானூற்றுக்கு ஏற்றிய சத்தம்

பிரியமுள்ள மாமாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. கட்டின புருஷனுக்குச் செய்த ஒரு தப்பை ஒத்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். நம் கம்ப்யூட்டரில் நீங்கள் போட்டிருந்த அந்தச் சத்தம் கூட்டும் ப்ளக்இன்னை, உங்களை அடக்கம் பண்ணிய மறு வாரமே எடுத்துவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்ற காது உங்களுடையது. வீடியோவை முழுச் சத்தத்தில் வைத்தும் போதாமல், அதற்கு மேல் நாலு மடங்கு ஏற்றுகிற ஒன்றைத் தேடிப் பிடித்து ப்ரௌசரில் போட்டீர்கள். சமையல் வீடியோவில் கடுகு பொரிந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். "காது கிழியுது மாமா, அத எடுத்துத் தொலைங்க" என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். "இன்னா சொன்ன?" என்று சிரிப்பீர்கள். நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தீர்களா?

எடுத்த அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் வீடே அடங்கிப்போனது. மண்ணூர்பேட்டையில் பஸ் திரும்புவதுகூட உள்ளே கேட்கிறது. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, தனியாக உட்கார மனசில்லாமல் அப்படியே மூடி வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், உங்களோடு வேலை பார்த்த சேகர் அண்ணன் போன் பண்ணினார். "தங்கச்சி, மச்சானோட ரிட்டயர்மென்ட் பங்ஷன் வீடியோவ நெட்ல போட்டுக்கீறேன், பாரு" என்றார். பார்த்தேன். உங்கள் வாய் அசைகிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எடுத்தெறிந்ததுதான் இப்போது எனக்கு வேண்டியிருந்தது.

அதன் பேரை என்றைக்காவது கேட்டு வைத்தேனா? தேடினால் ஒரே மாதிரிப் பேரில் பக்கம் பக்கமாக வருகிறது. முதலில் போட்டது சத்தத்தைக் கூட்டாமல் விளம்பரத்தைக் கூட்டியது. எடுத்தேன். அடுத்தது, நான் பார்ப்பதையெல்லாம் தானும் படிக்க அனுமதி கேட்டது. "ஊரான் எதுக்கு நம்ம ஊட்ட எட்டிப் பாக்கணும்?" என்பீர்களே, அதை நினைத்து வேண்டாம் என்று விட்டேன். மூன்றாவதன் படம், ஆரஞ்சு வட்டத்துக்குள், ரேடியோவில் சத்தம் கூட்டுவோமே, அந்த மாதிரி ஒரு திருகு. பார்த்ததும் அழுதுவிட்டேன் மாமா. திரை மூலையில் இத்தனை வருஷம் நான் திட்டித் தீர்த்தது அதைத்தான்.

போட்டு, நானூறு சதவீதம் வரைக்கும் ஏற்றினேன். கைதட்டுகிறார்கள், நாற்காலி இழுக்கிறார்கள். கழுத்தில் மாலையோடு சேகர் அண்ணன் பக்கம் குனிந்து நீங்கள் சொல்கிறீர்கள்: "மச்சான், ரோசி சாப்ட்டாளா பாரு. நா இல்லாங்காட்டி துன்ன மாட்டா."

அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இந்த ரோசிக்கு இது எங்கே கேட்டது?

இன்று நெத்திலிக் குழம்பு வைத்தேன். தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். "ரோசி சாப்ட்டாளா" என்று நீங்கள் கேட்டீர்கள். சாப்பிட்டேன் மாமா. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்தாலும் அந்தத் திருகை இனி எடுக்க மாட்டேன். நாளைக்கும் சாப்பிடுவேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ரோசி