உன் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாடகக் கூடத்து இரும்பு அலமாரியைத் திறந்தபோது, பாச்சை உருண்டை வாசனையோடு பழைய நோட்டு ஒன்று கைக்கு வந்தது. மறுநாள் உதவித்தொகைத் தேர்வு. போன வருடத்துத் தாள்களைத் தேடப் போய் இதில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் தேர்வுக்கு வந்த பிள்ளைகளின் பெயர்கள், எதிரே தேர்வாளர்கள் எழுதிய இரண்டு மூன்று வரிகள். நம் வருடத்தைப் புரட்டினேன். புரட்டாமல் இருந்திருக்கலாம். பக்கத்தின் நடுவில் நம் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவளிடம் இருபத்து மூன்று வருடம் வாயைத் திறக்காதவள் போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறாளே என்று நீ கேட்கலாம். கேள். நேற்று உன் மகள் தேர்வுக்கு வந்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

எட்டாம் வகுப்பில் இருந்தோம். நீ கோவளம், நான் திருவிடந்தை காலனி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புக்கு நடுவே இருக்கும் இந்தத் தனியார்ப் பள்ளியிலிருந்து நாடக மாஸ்டர் நம் ஊராட்சிப் பள்ளிக்கு வந்து ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். கண்ணாடிப் பயிற்சி ஞாபகம் இருக்கிறதா? எதிரெதிரே நின்று ஒருத்தி கையை அசைத்தால் மற்றவளும் அசைக்க வேண்டும். நாம் செய்ததைப் பார்த்துவிட்டு, "இதுல யார் ஆளு, யார் கண்ணாடி?" என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். நீ என்னைக் காட்டினாய். வகுப்பே சிரித்தது.

நம் இருவரையும் தேர்வுக்கு வரச் சொன்னார். இடம் ஒன்றுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். தினமும் இரண்டு மணி நேரம் நடிப்புப் பயிற்சி. தேர்வில் செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் வீட்டில் நிஜமாக நடந்த ஒன்றை, ஒரு வார்த்தையும் பேசாமல், மூன்று நிமிடம் செய்து காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. வருவார், சாப்பிடுவார், தூங்குவார். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. அவர் பஸ்ஸில் தூங்கி நிறுத்தத்தைத் தவறவிட்டதைச் செய்யலாம் என்று முடிவு செய்தேன். நீ பார்த்துவிட்டு, "நல்லா கீதுடி, சிரிப்பு வருது" என்றாய். நீ என் மனம் நோகக் கூடாது என்று சொன்னது எனக்குத் தெரியும்.

உன்னிடம் இருந்தது. உன் அப்பா மீன் வண்டி ஓட்டியவர். ஒரு விடிகாலையில் மகாபலிபுரம் போகும் வழியில் விபத்தில் போய்ச் சேர்ந்தார். கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து நீ அதை எனக்குச் சொன்னாய்.

"எங்கம்மா அழவே இல்லடி. அரிசி கழுவிக்கினே இருந்துச்சு. வாசல்ல நாலு பேரு வந்து நிக்கிறாங்க, வாயத் தொறக்க மாட்றாங்க. கழுவி முடிச்சா சொல்லிடுவாங்கன்னு அதுக்குத் தெரியும். அதான் கழுவிக்கினே கீது. பதினோரு தபா."

"நிமிந்து பாத்துச்சா?" என்று கேட்டேன்.

"எப்டி பாக்கும்? பாத்தா சொல்லிடுவாங்கல்ல."

பிறகு வெறும் கையால் அதைச் செய்தாய். இடது உள்ளங்கையைப் பாத்திரத்தின் விளிம்பில் அணை கட்டி, ஓர் அரிசி தவறாமல் தண்ணீரை வடித்தாய். மறுபடி ஊற்றினாய். மூன்று வாரம், தினமும் பள்ளி விட்டதும், நான்தான் உன் ஒரே பார்வையாளர். எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

தேர்வன்று ஆங்கில எழுத்து வரிசையில் கூப்பிட்டார்கள். என் பெயர் உனக்கு முன்னால் வந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நாற்காலியில் உட்கார்ந்து அப்பா மாதிரி கண்ணை மூடினேன். அடுத்தது என்ன என்று மறந்துபோனது. உண்மையிலேயே மறந்துபோனது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கண்ணைத் திறந்தேன். தரையில் உட்கார்ந்தேன். என் கை அரிசி கழுவத் தொடங்கியது. திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணலாம். அந்தச் சத்தியத்தை வைத்து நீ என்ன செய்வாய்?

ஒன்றே ஒன்றை நானாகச் சேர்த்தேன். கடைசியில் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். சினிமா பார்த்து வளர்ந்த புத்தி. மேசைக்குப் பின்னால் இருந்த ஒரு மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது நீ குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். "எப்டிடி பண்ண?" என்றாய். "பரவால்ல" என்றேன். உன்னை இன்னும் கூப்பிடவில்லை. நேரம் இருந்தது. நீ வேறு ஏதாவது செய் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே திரும்பிப் போய் அது என்னுடையது இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். நான் உன் தாவணிப் பின்னைச் சரியாகக் குத்திவிட்டு உள்ளே அனுப்பினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தாய். கொஞ்ச தூரம் போனதும், "உள்ள ஒரு மேடம் கேட்டாங்கடி, நீ மட்டும் ஏன் நிமிந்து பாக்கலன்னு. நான் எதுக்குப் பாக்கணும்?" என்றாய். நான் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டேன். நீ என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. "எறங்குடி, ஒன் ஸ்டாப்பு வந்துடுச்சு" என்றாய், அவ்வளவுதான்.

நோட்டில் என் பெயருக்கு எதிரே, "ஆழமான சொந்த அனுபவம். கடைசிப் பார்வை மறக்க முடியாதது" என்று எழுதியிருக்கிறார்கள். உன் பெயருக்கு எதிரே: "முதல் பெண்ணைப் பார்த்து அப்படியே செய்கிறாள். முக்கியமான பார்வையை விட்டுவிட்டாள். சொந்தமாக எதுவும் இல்லை."

சொந்தமாக எதுவும் இல்லையாம். உனக்கு.

நான் விடுதிக்குப் போன அன்று நீ வந்து என் பெட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினாய். "நல்லா படி. சும்மா சும்மா ஊருக்கு ஓடியாந்துகினு இருக்காத" என்றாய். நீ என்னைத் திட்டியிருந்தால், கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால், நான் பிழைத்திருப்பேன். நீ பத்தாவதோடு நின்றாய். கல்யாணம் ஆயிற்று. சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனி கேன்டீனில் வேலைக்குப் போனாய். நான் மூச்சை எப்படி இழுப்பது, குரலை எங்கிருந்து எடுப்பது, நம் ஊர்ப் பேச்சை நாக்கிலிருந்து எப்படிக் கழற்றிவைப்பது என்றெல்லாம் கற்றுக்கொண்டேன். பிறகு அதே பள்ளியில் நடிப்பு ஆசிரியை ஆனேன். இன்று துறைத் தலைவி.

இங்கே 'அரிசி' என்று ஒரு பயிற்சி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நான் செய்து காட்டுவேன், பிள்ளைகள் செய்வார்கள். உன் அம்மாவின் விடிகாலையை இதுவரை எத்தனை பிள்ளைகள் கழுவியிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. ஒரு ஆண்டு விழாவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு நீ வந்தாய். அன்று பார்த்து ஒரு பெண் மேடையில் அதைச் செய்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து, "நல்லா சொல்லிக் குடுத்துக்கிற. ஆனா எங்கம்மா நிமிந்து பாக்கல" என்றாய். குரலில் கோபம் இல்லை. மறுநாளும் நான் வகுப்பில் நிமிர்ந்துதான் பார்த்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உனக்கு டயாலிசிஸ் நடந்த நாட்களில் நான்கைந்து முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றுதான் பஸ் ஏறுவேன். வந்தால் நீ பேசிக்கொண்டே இருப்பாய், பக்கத்துக் கட்டில்காரி குறட்டையைப் பற்றி, நாஸ்தாவில் உப்பில்லாததைப் பற்றி. கடைசியாக வந்தபோது மகளைக் காட்டிச் சொன்னாய்: "இவளுக்கு ஒங்க ஸ்கூல் மேல ஆச. நான் வேணான்னு சொல்லல. நீ கீறல்ல, பாத்துக்க." உன் மகள் என்னை ஆண்ட்டி என்று கூப்பிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய்.

இப்போது கேள். தேர்வாளர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: வருகிற பிள்ளைகளில் யாரையும் எனக்கு முன்பே தெரியாது. தெரிந்தால் விலகிவிட வேண்டும், வேறு ஒருவர் உட்காருவார். உன் மகள் பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டேன். உள்ளே இருந்தால்தானே அவளுக்கு உதவ முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவள் உள்ளே வந்து நின்ற பிறகுதான் புரிந்தது.

வந்தாள். உன் நடை. என்னைப் பார்த்தாள். ஆண்ட்டி என்று வாயெடுத்தால் நான் தொலைந்தேன். "குட் மார்னிங் மிஸ்" என்றாள், முன்பின் பார்க்காதவளைப் போல. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பதின்மூன்று வயதில் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பக்கத்தில் இருந்தவர், வீட்டில் நிஜமாக நடந்த ஒன்றைச் செய்து காட்டச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி மாறவே இல்லை. உன் மகள் தலையாட்டினாள். கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டாள். நின்றாள். மூன்று நிமிடமும் நின்றாள். விரல்கூட அசையவில்லை. முகத்தில் பயம் இல்லை. அவள் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வேறு ஏதாவது செய்யம்மா, கற்பனையாக ஒன்று செய் என்று நான் சொல்லியிருந்தால் போதும். துறைத் தலைவி சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் தெரியாத பிள்ளைக்காக இவள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று யாராவது கேட்டுவிட்டால்? மதிப்பெண் தாளில் கண்ணை வைத்துக்கொண்டேன். நேரம் முடிந்தது என்றார்கள். "தேங்க் யூ மிஸ்" என்று போனாள்.

மத்தியானம் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்மா எதுவுமே செய்யல?"

"அம்மா சொல்லிச்சு ஆண்ட்டி. எது வேணா செய், ஆனா நம்ம வூட்ல நடந்தத மட்டும் செஞ்சு காட்டாத. செஞ்சா அப்புறம் அது உன்னுது இல்லன்னுடுவாங்கன்னு."

"வேற எதாவது செஞ்சிருக்கலாமே."

"நிஜமா நடந்ததுன்னு கேட்டாங்க. அம்மா செத்ததுதான் வந்துச்சு, வேற ஒண்ணும் வரல. அத தர மாட்டேன்."

"யார் அப்படிச் சொன்னாங்கன்னு அம்மா சொன்னாளா?" என்று கேட்டேன்.

"கேட்டேன். பேரு சொல்லல. அதெல்லாம் பழைய கத, வுடுன்னுச்சு."

கோவளம் பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

சாயங்காலம் இறுதிப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும். கொஞ்ச நாள் அவமானமாக இருந்திருக்கும். உன் மகளுக்கு இன்னொரு மூன்று நிமிடம் கிடைத்திருக்கும். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் பெயர் அதில் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து உனக்காக அழப் பார்க்கிறேன். அழுகை வருகிறது, ஆனால் எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினால் பார்ப்பவர் கலங்குவார் என்று புத்தி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. கேட்கும் தகுதி இருந்த இரண்டு முறையும், குழாயடியிலும் பஸ்ஸிலும், நான் கேட்கவில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஒன்பதாம் வகுப்புக்கு 'அரிசி'. நான் தரையில் உட்கார்ந்து செய்து காட்டுவேன். கடைசியில் நிமிர்ந்து பார்ப்பேன். பிள்ளைகள் எப்போதும் போலக் கைதட்டுவார்கள்.