வடிகாலை அடைத்துத் திறந்த மோர்ப்பந்தல்

தோழா,

கொடியில் காயும் என் வெள்ளைச் சட்டையிலிருந்து சாக்கடை நாற்றம் இன்னும் போகவில்லை. மீண்டும் மீண்டும் துவைத்தாயிற்று. எலுமிச்சை தேய்த்தும் பார்த்தாயிற்று. வெயில் ஏற ஏற அந்த நாற்றமும் கிளம்பி, சன்னல் வழியே நுழைந்து, நான் எழுதும் மேசையருகே வந்து நிற்கிறது. மாலை மணமும் பன்னீர் மணமும் வீசும் சட்டைகளிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "இப்பத்தான்யா நீ மனுசன் மாரி நாறுற."

நேற்று உன் பெயரால் ஒரு மோர்ப்பந்தல் திறந்தார்கள். உன் தெருமுனையில், உன் சாவு தொடங்கிய அதே இடத்தில். அதைச் சொல்லத்தான் இம்மடல்.

இவ்வாண்டுக் கோடைக்கான வானிலை முன்னறிவிப்பு வந்தபோதே எனக்கு நெஞ்சு கசந்தது. அதில் மறைபொருள் ஒன்றுமில்லை. வெயில் வழக்கத்தை விஞ்சும். நண்பகலில் வெளியே நடமாட வேண்டா. பிற்பகலில் இடியும் சூறைக்காற்றும் சேர்ந்து திடீர் மழை கொட்டலாம். தாழ்ந்த தெருக்களில் நீர் புகலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவனுக்கும் விளங்கும் செய்தி. ஆனால் அறிவிப்பின் முன்பாதியை மட்டும் படிப்பதற்கென்றே நம் ஊரில் ஒரு கூட்டம் பிறந்திருக்கிறது. வெயில் என்ற சொல்லைக் கண்டதும் அவர்கள் உள்ளம் குளிர்ந்துவிடும். வெயில் என்றால் பந்தல், பந்தல் என்றால் பதாகை, பதாகை என்றால் முகம். மழையின் மேல் முகத்தை ஒட்ட இடமில்லை. ஆகவே அந்தப் பின்பாதி அவர்கள் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. வெள்ளம் புகுந்து வடிந்த பிறகு வருவார்கள், அரிசிப் பையில் முகத்தை அச்சடித்துக்கொண்டு.

நாம் இருவரும் ஆலைத் தொழிலாளர்களாக இருந்தவர்கள். ஆலை மூடியபின் நான் நாவை நம்பினேன்; நீ மூங்கிலை நம்பினாய். நான் ஏறிய மேடைகளில் பாதி நீ கட்டியவை. நான் முழங்கிக்கொண்டிருக்கும்போது நீ மேடைக்குப் பின்னால் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பாய். இறங்கி வந்தால் பாராட்டு கிடைக்காது. "நீ பேசறதக் கேட்டு மூங்கிலுக்கே மூச்சு முட்டுதுய்யா. சட்டுபுட்டுன்னு முடி, நான் கீத்தப் பிரிக்கணும்." உலகத்தில் உன் மதிப்பைப் பெற்ற மனிதர் மிகச் சிலர், அச்சிறு கூட்டத்தில் பேச்சாளன் எவனும் இருந்ததில்லை. என்னை மட்டும் எப்படியோ பொறுத்துக்கொண்டாய். பந்தல் என்பது நிழலுக்காகப் போடுவது என்பதே உன் ஒரே கோட்பாடு. அந்த எளிய செய்தியைக்கூட விளங்கிக்கொள்ளாத ஊருக்கு வாழ்நாளெல்லாம் பந்தல் போட்டாய்.

அந்தத் தெருமுனையை நினைத்துப் பார்க்கிறேன். மேற்கிலிருந்து சரிந்து வரும் மழைநீருக்கு உன் தெருவே பள்ளம். வந்த நீர் பெரிய வாய்க்காலை நோக்கி வெளியேற, முனையில் இரும்புக் கம்பி போட்ட ஒரே ஒரு வடிகால். ஆனால் அந்த முனைதான் பெருஞ்சாலையைப் பார்த்த இடம். போகிற வருகிற வண்டிகளெல்லாம் பதாகையைக் காணும் இடம். ஆகவே உங்கள் பகுதி மன்றத்தார் கோடைதோறும் அங்கேதான் மோர்ப்பந்தல் போடுவார்கள். வடிகால் நாறும். சிறப்பு விருந்தினரின் மூக்குக்கு நாற்றம் ஆகாது. ஆகவே இந்த அறிவுக்கொழுந்துகள் ஒரு வழி கண்டார்கள்: மணல் மூட்டைகளைத் திணித்து வடிகாலை அடைப்பது, மேலே வெள்ளைப் பொடி தூவுவது, பலகை போட்டுச் சிவப்புக் கம்பளம் விரிப்பது. நம் ஊரில் நாற்றத்தைப் போக்க யாரும் முயல்வதில்லை. வருகிற பெரியவர் போகும் வரைக்கும் அது வாய்மூடி இருந்தால் போதும். விழா முடிந்ததும் அந்த மூட்டைகளை ஒருவனும் எண்ணிப் பார்ப்பதில்லை. மறுநாள் காலை நீ போய், ஊரையே வைதுகொண்டு, ஒவ்வொன்றாக உருவிப் போடுவாய்.

சில ஆண்டுகளுக்கு முன் மறுநாள் வரை வானம் காத்திருக்கவில்லை.

நோன்புக் காலமும் கொடுங்கோடையும் ஒன்றாய் வந்த ஆண்டு அது. உச்சி வெயில். மண்பானைகளில் மோர் நிறைந்து, வெட்டிவேர் மணத்து, வாயில் துணி கட்டப்பட்டிருந்தது. பந்தலின் குறுக்கே நாடா. விருந்தினர் வரவில்லை. வந்து குவிந்திருந்த மக்களுக்கு ஒரு சொட்டு இல்லை. வைத்திக்குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வந்த ஓர் அம்மாள் பொறுமையிழந்தார்.

"யோவ், மோரு ஊத்துவீங்களா, இல்ல போட்டோ புடிக்க மட்டுந்தானா?"

மன்றச் செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இரும்மா. தலைவர் வந்து தொறக்க வேணாமா? முன்னாடியே ஊத்திட்டா அப்பறம் அவரு எதத் தொறப்பாரு?"

"கார் கதவத் தொறந்துகினு எறங்கட்டும், போதும்!"

கூட்டம் சிரித்தது, பானை மட்டும் திறக்கவில்லை. நீ நோன்பாளி, உதடு வெடித்து மூங்கிலில் சாய்ந்து நின்றாய். என் காதருகே வந்து சொன்னாய்: "நான் அல்லாவுக்காகக் குடிக்காம நிக்கிறேன். இவங்க யாருக்காகக் குடிக்காம நிக்கிறாங்க, கேட்டுச் சொல்லுய்யா." அன்று நான் ஒலிவாங்கியில் பொழிந்த அடுக்குமொழிகள் அனைத்தையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒற்றைக் கேள்வியின் எடைக்கு வாரா.

விருந்தினர் வந்தார், நாடாவை வெட்டினார், படத்துக்காக ஒரு மிடறு பருகினார், போனார். அவர் வண்டி மறைந்த சிறிது நேரத்தில் மேற்கே கறுத்தது. காற்று முதலில் பதாகையைத் தூக்கி அடித்தது, பிறகு மழை. கால் நனையாமல் ஓடிப்போனவர்களில் வடிகாலை அடைத்தவர்களே முந்தியிருந்தார்கள். நீர் போக வழியின்றித் தெரு நிறைந்தது. வாயிற்படிகளைத் தாண்டி வீடுகளுக்குள் ஏறியது. இடுப்பளவுத் தண்ணீரில் நீ இறங்கி, பலகையைப் புரட்டி, காலாலும் கையாலும் தடவித் தடவி மூட்டைகளைப் பிடுங்கினாய். துருப்பிடித்த கம்பி உன் கணைக்காலைக் கிழித்தது. நீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அன்று மாலை நனைந்த வீட்டில் நனைந்த பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தாய். "காலைக் காட்டு, மருத்துவரிடம் போவோம்" என்றேன். "சின்ன கீறல்யா. இதுக்கும் ஒரு மேட போட்டுப் பேசாத" என்றாய். பின்னர் காய்ச்சல் வந்தது. புண் வழியே அழுக்கு நீரின் நச்சு ஏறிவிட்டது என்றார் மருத்துவர். பெருநாளை நீ காணவில்லை.

மன்றத்தார் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள். அதிலும் உன் முகத்தைவிட விருந்தினர் முகமே பெரிது.

இவ்வாண்டு அறிவிப்பு வந்த கையோடு அதே செயலாளர் அழைப்பிதழோடு என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பெருமை.

"அண்ணே, இந்த வருசம் நம்ம பாய் பேருலயே பந்தல். நினைவு நீர்மோர்ப் பந்தல்! நீங்கதான் பேசணும்."

"எந்த இடத்தில்?"

"வழக்கமான எடந்தான்."

"வடிகால்?"

"அதெல்லாம் நேத்தே மூட்ட போட்டு அடைச்சாச்சுண்ணே. இந்த வாட்டி டபுளா போட்டுருக்கோம். துளி நாத்தம் வராது."

உன்னைக் கொன்ற மூட்டையை, உன் நினைவைப் போற்றும் பொருட்டு, இரட்டிப்பாக வைத்திருக்கிறான் அந்த மனிதன்! அதில் வஞ்சகம் இருந்தால்கூட நான் ஓரளவு மதித்திருப்பேன். வஞ்சகத்துக்கும் சிறிது மூளை வேண்டும். "முன்னறிவிப்பில் மழை பற்றியும் சொல்லியிருக்கிறார்களே, படித்தீர்களா?" என்றேன். "வந்தா நல்லதுதானண்ணே, வெயிலுக்கு எதமா இருக்கும்" என்றார்.

நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறொரு நாக்கு அவர்களுக்கு எளிதில் கிடைத்திருக்கும்.

நேற்று நண்பகல். முன்வரிசையில், நெகிழி நாற்காலியின் விளிம்பில் உன் துணைவியார் அமர்ந்திருந்தார். தெருவின் அடிப்பள்ளத்தில் இருக்கும் உன் வீட்டில்தான் அவர் இன்னும் குடியிருக்கிறார். நீர் ஏறினால் முதலில் நனையும் தரை அவருடையது. விருந்தினர் வழக்கம்போலக் காலந்தாழ்த்தி வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு என்னை அழைத்தார்கள்.

"அவையீரே," என்றேன். "இந்தக் கம்பளத்தின் கீழே ஒரு வடிகால் கிடக்கிறது. அதை அடைத்துவிட்டு, அடைத்ததால் மாண்டவனுக்கு விழா எடுக்கிறீர்கள். அது திறக்கும் வரை இந்த மேடையில் நான் வேறொரு சொல்லும் பேசேன்."

கைதட்டினார்கள், தோழா! விருந்தினரும் தட்டினார். செயலாளர் "அருமை, அருமை" என்றார். சொல்லை நயத்துக்காகவே கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு, சொல் ஒரு செயலைக் கேட்கும் என்பது தெரியவில்லை. மேடைத் தமிழின் மேல் நீ வைத்திருந்த இளக்காரம் அந்தக் கைதட்டலில் முற்றிலும் விளங்கியது.

இறங்கிப் போய்க் கம்பளத்தைச் சுருட்டினேன். செயலாளர் ஓடிவந்தார்.

"அண்ணே, இன்னாண்ணே பண்றீங்க? தலைவர் ஒக்காந்துருக்காரு!"

"அவருக்கு மூக்கு இருக்கிறதா என்று பார்ப்போம்."

பலகையை நகர்த்தி முதல் மூட்டையை இழுத்தேன். அதனடியில் கிடந்தது போன ஆண்டின் எச்சம் போலும்; மக்கிப் போயிருந்த அந்தச் சாக்கு கிழிந்து கறுஞ்சேறு என் நெஞ்சில் கொட்டியது. கால் வழுக்கி அமர்ந்தும் விட்டேன். எங்கும் சிரிப்பு. அப்போதுதான் இந்தப் பந்தலைக் கட்டிய உன் பழைய ஆட்கள் வந்தார்கள். "தள்ளு பெரிசு, இடுப்பு புடிச்சிக்கப் போவுது. பாய் பாத்திருந்தா ஒன்ன ஒதைச்சிருப்பாரு" என்று ஒருவன் என்னைத் தூக்கி நிறுத்தினான். மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அடைபட்டிருந்த நாற்றம் முழு உயரத்துக்கு எழுந்தது. விருந்தினர் பொன்னாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். என் அறிவுக்கு எட்டியவரை ஒரு பொன்னாடை மனிதனுக்குப் பயன்பட்டது அதுவே முதன்முறை. நாடாவை வெட்டாமலே அவர் போய்விட்டார். மக்கள் நாடாவுக்கு அடியில் குனிந்து நுழைந்து மோரைக் குடித்தார்கள்.

மழை வரவில்லை.

நீ சிரிப்பாய், சிரி. மாலை வரை வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. செயலாளர் என்னைத் தேடி வந்து, "மழையக் காணமேண்ணே? உங்க பேச்சுக்குப் பயந்து ஓடிப்போச்சா?" என்றார். எதிர்மாடியிலிருந்து, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் கிழவர், "முசியே, கொட வேணுமா?" என்று தம் குடையை நீட்டிக் காட்டினார். இவர்கள் கணக்கு எனக்குப் பழகியதுதான். மழை பெய்து வீடு மூழ்கினால் வானத்தின் குற்றம்; பெய்யாவிட்டால் எச்சரித்தவன் குற்றம். இரண்டிலும் இவர்கள் குற்றமற்றவர்கள்.

விடைபெற உன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கட்டிலின்மேல் அரிசி வாளி, மெத்தை, துணிமூட்டை, தையல் இயந்திரத்தின் தலைப்பகுதி எல்லாம் குவிந்திருந்தன. உன் துணைவியார் அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் புடிங்கண்ணே, மிசினு கனம். அறிவிப்பு வந்ததுலேர்ந்து சாமான்தான் கட்டில்ல. நான் நாக்காலில குந்திக்கினே தூங்குறேன்."

பிடித்தேன். இருவருமாகத் தரையில் வைத்தோம். "மழை வரவில்லையே, தங்கச்சி. ஊரே சிரிக்கிறது" என்றேன்.

"வந்தா வரட்டும். போவறதுக்கு வழி இருக்குது, எனக்கு அது போதும். சிரிக்கிறவன் வூட்டுக்குள்ளயா தண்ணி பூந்துச்சு?"

தோழா, உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது இகழத் தெரிந்த நெஞ்சம். எளியவனை ஒருபோதும் நீ இகழ்ந்ததில்லை. உயரமான நாற்காலிகளைப் பார்த்து மட்டுமே உதட்டைச் சுழித்தாய். அந்த இகழ்ச்சி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாளுக்கு நாள் கூர் ஏறுகிறது. ஆனால் நேற்று உன் வீட்டில் வேறொன்றும் கிடைத்தது. உன் துணைவியார் கோரைப்பாயை எடுத்தார். விரிப்பதற்கு முன் குனிந்து, தரை காய்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பாயை விரித்துக் காலை நீட்டினார். இனி எந்த மேடையில் நின்றாலும், தரையைத் தடவிய அந்தக் கைக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நான் ஒலிவாங்கியைத் தொடுவேன்.